காற்றே மேடு

தீவகத்தில் நெடுந்தூர ஓட்டம் பழக எண்ணும் தம்பிமாரே! மேடு பள்ளமில்லாத மண்தானே, சுலபம் என்று நினைத்துவிடாதீர்கள். பண்ணைப் பாலத்தில் வேலணை நோக்கி ஓடிப் பாருங்கள். இரு புறமும் கடல். ஒதுங்க ஒரு மரமில்லை. சோளகம் வீசும் மாதங்களில் காற்று நெஞ்சில் வந்து மோதும். அங்கே ஏறவேண்டிய மேடு அந்தக் காற்றுதான்.

தனியே ஓடுபவர் அதை முழுதாகத் தாங்க வேண்டும். கூட்டமாக ஓடினால்? 1953 எவரெஸ்ட் குழுவில் உடலியல் ஆய்வாளராகச் சென்ற கிரிபித் பியூ, 1971இல் இதை அளந்தே சொன்னார். நடுத்தூர ஓட்ட வேகத்தில், ஒருவருக்கு ஒரு மீற்றர் பின்னால் ஓடுபவருக்கு 6.5 சதவீதம் குறைவான ஒட்சிசனே போதுமாக இருந்தது. நம்மைப் போல மெதுவாக ஓடுவோருக்கு இலாபம் குறைவுதான். எதிர்காற்று பலத்தால் அதுவும் கூடும்.

ஆகவே முறை வைத்து முன்னே செல்லுங்கள். இளையவர் பறந்துபோய் வயதானவரைப் பின்னே விட்டுவிட்டால், பாலத்தின் நடுவில் அவருக்கு நிழலுமில்லை, துணையுமில்லை. பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகம்தான் பயிற்சி வேகம். பந்தயத்தை வேறொரு நாளுக்கு வையுங்கள்.

திரும்பும்போது காற்று முதுகில். சுகமாகத்தான் இருக்கும், ஆனால் வியர்வை உலராது, உடல் சூடேறும். தண்ணீரில் பாதியை அந்த வழிக்கு மிச்சம் வையுங்கள்.