அறைக்கு அளந்த சத்தம்

டெட்ராய்ட் கோப்ராஸ் என்று ஒரு குழு. 1994-இல் தொடங்கியது. சொந்தமாகப் பாட்டுக் கட்டியது அபூர்வம். ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் வந்து, வானொலி எப்போதோ கைவிட்டுவிட்ட சோல், ரிதம் அண்ட் ப்ளூஸ் பாடல்களைத் தோண்டியெடுத்து, கிட்டார் இரைச்சலில் முக்கி, பெரும்பாலும் மூன்று நிமிடத்துக்குள் முடித்துவிடுவார்கள். 1998-இல் வெளியான முதல் ஆல்பம் முழுவதும் இரவல் பாட்டுத்தான். ராக் விமர்சனத்தின் வழக்கமான அளவுகோலை இவர்கள் மேல் வைத்தால் அது எதையும் அளக்காது. ‘இதில் புதிதாக என்ன இருக்கிறது?’ என்பதுதான் அந்த அளவுகோல் கேட்கும் முதல் கேள்வி. பழைய ஒலியில் வாசிக்கும் உள்ளூர்க் குழு எந்த ஊரில் இருந்தாலும் இந்தக் கேள்வி அதைத் துரத்தும்: பிறப்பதற்கு முன்பே முடிந்துபோன ஒரு காலத்துக்காக ஏன் ஏங்குகிறீர்கள்? என் கட்சி வேறு. இந்தக் குழுக்களில் நல்லவை காலத்தைத் தேடிப் போனவை அல்ல. தங்கள் ஊருக்கும், கைக்காசுக்கும், இருநூறு பேர் நெருக்கியடித்து நிற்கும் ஓர் அறைக்கும் பொருந்துகிற சத்தத்தைத் தேடின. கிடைத்தது பழைய சத்தமாக இருந்தது.

அதற்குக் காரணம் கருவிகளில் இருக்கிறது. அறுபதுகளின் நடுப்பகுதி வரை ராக் அறைக்குள் நடந்த விஷயம். பதினைந்து அல்லது முப்பது வாட் வால்வு ஆம்ப்ளிஃபையர், மைக் வைக்காத டிரம்ஸ், பாடுகிறவருக்கு மட்டும் ஒரு ஒலிபெருக்கி. அந்த ஆம்ப்ளிஃபையரை அதன் எல்லைவரை திருகினால் ஒலி உடைந்து கரகரக்கும். அந்தக் கரகரப்பைத்தான் இன்று பலர் ‘ரெட்ரோ’ என்கிறார்கள். அன்று அது சின்னக் கருவி மூச்சுத் திணறியதன் விளைவு. 1965 ஆகஸ்ட் 15 அன்று நியூயார்க்கின் ஷே ஸ்டேடியத்தில் பீட்டில்ஸ் வாசித்தபோது கூட்டம் 55,000-ஐத் தாண்டியது. வாக்ஸ் கம்பெனி அவர்களுக்கென்று 100 வாட் ஆம்ப்ளிஃபையர்களைச் செய்து கொடுத்திருந்தது. குரலோ மைதானத்தில் பேஸ்பால் அறிவிப்புக்கென்று இருந்த ஒலிபெருக்கி வழியாகப் போனது. கூச்சலில் மேடையில் நின்றவர்களுக்கே தங்கள் வாசிப்பு கேட்கவில்லை. அதன்பிறகு ராக்கில் ‘முன்னேற்றம்’ என்று சொல்லப்பட்டதில் பெரும்பங்கு அந்த மைதானத்தை நிரப்புவதற்கான ஏற்பாடுதான்: லாரி லாரியாக ஒலிபெருக்கிகள், மிக்ஸிங் மேசை, அதை இயக்க ஒரு பொறியாளர், பதினாறு தடமும் இருபத்துநான்கு தடமும் கொண்ட ஸ்டூடியோக்கள். சனிக்கிழமை இரவு பாரில் வாசிக்கும் நான்கு பேர் இதில் எதையும் வாங்க முடியாது. வாங்கினாலும் அந்த அறைக்குள் அடங்காது. அவர்கள் கைக்கு எட்டுவது மைதானத்துக்கு முந்தைய ஒலி.

வீட்டுக் கார் கொட்டகையில் ஒத்திகை பார்த்ததால் ‘கராஜ்’ என்று பெயர்பெற்ற முதல் தலைமுறைக் குழுக்களைப் பார்த்தாலே இது விளங்கும். போர்ட்லண்டின் கிங்ஸ்மென் 1963-இல் ‘லூயி லூயி’யைப் பதிவுசெய்ய ஆன செலவு சுமார் 50 டாலர். மைக் தலைக்கு மேலே உயரத்தில் தொங்க, பாடகர் அண்ணாந்து கத்தினார். சொல் எதுவும் புரியாமல் போனது. புரியாததாலேயே அதில் ஆபாசம் ஒளிந்திருக்கிறது என்று புகார் கிளம்பி, எஃப்.பி.ஐ. வரை விசாரித்தது, பதிவில் என்ன பாடுகிறார்கள் என்று அவர்களாலும் சொல்ல முடியவில்லை. (அரசாங்கம் ராக் இசையை இத்தனை கவனமாகக் கேட்டது வேறெப்போதும் உண்டா, சந்தேகம்தான்.) அந்தப் பாட்டும் இரவல், ரிச்சர்ட் பெர்ரி எழுதி 1957-இல் வெளியிட்டது. மிச்சிகன் மாநிலத்தின் சாகினா பள்ளத்தாக்கில் இருந்த கொஸ்டின் மார்க் அண்ட் த மிஸ்டீரியன்ஸ் குழுவினர், பண்ணைக் கூலி வேலைக்காக இடம்பெயர்ந்து வந்த மெக்சிகோ வம்சாவளிக் குடும்பங்களின் பிள்ளைகள். பே சிட்டியில் ஒரு வீட்டு ஸ்டூடியோவில் பதிவான அவர்களுடைய ‘96 டியர்ஸ்’ 1966-இல் அமெரிக்காவின் முதலிடத்துக்கு ஏறியது. இப்படி ஏறியவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. மற்றவை ஊர் எல்லையைத் தாண்டாத ஒன்றிரண்டு இசைத்தட்டுகளோடு முடிந்தன. 1972-இல் லென்னி கே ‘நக்கெட்ஸ்’ என்ற தொகுப்பில் இத்தகைய 27 பாடல்களைச் சேர்த்து வெளியிட்ட பிறகே அவற்றுக்கு ஒரு பரம்பரை என்ற மதிப்பு வந்தது. அந்தப் பரம்பரையின் முதல் லட்சணம் ஏழ்மை.

அறுபதுகளின் அந்த ஒலி இருபது ஆண்டு கழித்து டெட்ராய்டில் மீண்டும் தலையெடுத்ததில் ஆச்சரியம் இல்லை. 1950-இல் பதினெட்டு லட்சத்துக்கு மேல் இருந்த நகரத்தின் மக்கள்தொகை 2000-இல் பத்து லட்சத்துக்குக் கீழே போய்விட்டது. கார் தொழிற்சாலைகள் போயின, வரி கட்டுகிறவர்கள் போனார்கள், காலி வீடுகளும் சல்லிசான வாடகையும் மிஞ்சின. 1986-இல் தொடங்கிய கோரீஸ் குழுவில் மூன்றே பேர்: மிக் காலின்ஸ், டான் குரோஹா, பெகி ஓநீல். இரண்டு கிட்டார், ஒரு டிரம்ஸ், பேஸ் கிடையாது. சரியாக வாசிக்கத் தெரியாமலேயே தொடங்கினார்கள், தெரியாததையே தாளமாக்கினார்கள். பின்வந்தவர்களுக்கு இதுதான் பாடம். காஸ் அவென்யூவில் 1996-இல் திறந்த கோல்ட் டாலர் என்ற சிறிய பாரில் 1997 ஜூலையில் ஒயிட் ஸ்ட்ரைப்ஸ் முதல்முறை மேடை ஏறியபோது அதன் கிட்டார்காரர் ஜாக் ஒயிட்டின் பிழைப்பு நாற்காலி, சோபாக்களுக்கு மெத்தை தைப்பது. அவர் கையில் பிரபலமான அந்தச் சிவப்பு ஏர்லைன் கிட்டார், மாண்ட்கோமரி வார்ட் கடை தன் அட்டவணை மூலம் தபாலில் விற்ற, ஃபைபர் கிளாஸ் உடம்பு கொண்ட மலிவுச் சரக்கு. அவருடைய சில்வர்டோன் ஆம்ப்ளிஃபையர் சியர்ஸ் கடை விற்றது. ஃபெண்டரும் கிப்ஸனும் வாங்க முடியாத வீடுகளுக்காக அறுபதுகளில் செய்யப்பட்டவை, தொண்ணூறுகளில் அடகுக் கடை வழியாக, அதேபோல் அவற்றை வாங்க முடியாதவர்களிடமே வந்து சேர்ந்தன. இப்படிப்பட்ட ஊரில் குழு வாழ்க்கை என்பது பகலில் வேறு வேலை, ஒரே டிரம்மர் இரண்டு மூன்று குழுவுக்கு, காரில் ஏற்றி இறக்கும் கருவிகள், வாசலில் வசூலான காசைப் பங்கு போடுதல், சில நூறு பிரதி அச்சிடும் ஏழு அங்குல இசைத்தட்டு. நீண்ட பாட்டு எளிதில் கொள்ளாத அந்தத் தட்டுக்கு மூன்று நிமிடப் பாட்டு அளந்து வைத்தாற்போல் பொருந்தும். இங்கிலாந்தின் மெட்வே வட்டாரத்திலும் இதே கதை. சாத்தம் கப்பல் தளத்தில் கல் கொத்தப் பழகிய பில்லி சைல்டிஷ், அந்தத் தளம் மூடப்பட்ட அதே 1984-இல், தம் மில்க்‌ஷேக்ஸ் குழுவின் நான்கு ஆல்பங்களை ஒரே நாளில் வெளியிட்டார். பெரிய ஸ்டூடியோவில் இதை நினைத்துப் பார்க்கவே முடியாது. மலிவான, வேகமான, ஒரே மூச்சில் வாசித்துப் பதியும் பழைய முறையில் முடியும்.

என்னதான் சொன்னாலும் நகல் நகல்தானே என்பார்கள். ரோலிங் ஸ்டோன்ஸின் 1964 முதல் ஆல்பத்தில் பெரும்பாலானவை அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர்களின் பாடல்கள். ஜாகரும் ரிச்சர்ட்ஸும் சேர்ந்து எழுதியதாகப் பெயர் போட்டது ஒன்றே ஒன்று. பீட்டில்ஸின் முதல் ஆல்பத்தில் 14-க்கு 6 இரவல். தாமே எழுதித் தாமே பாடவேண்டும் என்பது ராக்கோடு கூடப் பிறந்த விதி அல்ல. பிறர் பாட்டைப் பாடினால் உரிமைத் தொகை பிறருக்குப் போகும் என்ற கணக்கும் அதற்குப் பின்னால் உண்டு; ஸ்டோன்ஸின் மேலாளர் ஆண்ட்ரூ ஓல்டம் அந்த இருவரையும் எழுதச் சொல்லி நெருக்கியது தெரிந்த கதை. லெட் செப்பெலின் மேல் ப்ளூஸ் பாடலாசிரியர் வில்லி டிக்ஸன் 1985-இல் தொடுத்த வழக்கு 1987-இல் சமரசத்தில் முடிந்து, அவர் பெயரும் ‘ஹோல் லாட்டா லவ்’ பாட்டில் ஏறியது. மூலவர்கள் என்று நாம் கும்பிடுகிறவர்களின் கணக்கே இப்படி. ஆனாலும் எதிர்த்தரப்புக்கு ஒன்றை விட்டுக்கொடுக்கிறேன். அதே சாகினா வட்டாரத்தில், சுமார் ஐயாயிரம் பேர் வாழும் ஃபிராங்கென்மூத் என்ற ஊரில், 2012-இல் கிரெட்டா வான் ஃப்ளீட் குழு தொடங்கியது. கிஸ்கா சகோதரர்கள் மூவர், கூட ஒரு டிரம்மர். அப்படியே செப்பெலின் சாயல். 2018-இல் அவர்கள் ஆல்பத்துக்கு பிட்ச்ஃபோர்க் இணைய இதழ் பத்துக்கு 1.6 மதிப்பெண் போட்டது. 2019-இல் அதற்கு முந்தைய வெளியீடு சிறந்த ராக் ஆல்பத்துக்கான கிராமி வாங்கியது. உள்ளூர் பாரில் அந்தக் குரலையும் கிட்டாரையும் கேட்டவர் கொடுத்துவைத்தவர். உலகம் முழுக்கச் சந்தைப்படுத்தி அரங்கங்களை நிரப்பும்போது நிலைமை மாறுகிறது. செப்பெலின் ஒலி முதலிலேயே மைதானத்துக்கு வளர்ந்த ஒலி. அந்த அசல் எல்லோர் வீட்டிலும் ஏற்கெனவே இருக்கிறது. அங்கே ‘புதிதாக என்ன?’ என்று கேட்பது நியாயம். அதே கேள்வியை அறைக்குள் கொண்டுவந்து கேட்பதுதான் அபத்தம்.

டெட்ராய்டும் இந்த வித்தியாசத்தை அனுபவித்துப் பார்த்தது. 2001-இலிருந்து இரண்டு மூன்று ஆண்டு, பிரிட்டிஷ் பத்திரிகைகள் ராக்கை மீட்க வந்தவர்கள் என்று இந்தக் குழுக்களைத் தூக்கிவைத்தன. பெரிய கம்பெனிகள் ஒப்பந்தத்தோடு வந்தன. கோல்ட் டாலர் 2001-இலேயே மூடியாயிற்று. ஒயிட் ஸ்ட்ரைப்ஸ் லண்டனின் ஹாக்னியில் உள்ள டோ ராக் ஸ்டூடியோவில் எட்டுத் தட டேப்பில் பதிந்து, கணினி எதுவும் பயன்படுத்தவில்லை என்று உறையில் போட்டு, 2003-இல் ‘எலிஃபன்ட்’ ஆல்பத்தை வெளியிட்டார்கள். அதிலிருந்த ‘செவன் நேஷன் ஆர்மி’யின் ஏழு சுரங்களை இன்று உலகக் கால்பந்து மைதானங்கள் முழுத்தொண்டையில் பாடுகின்றன, ஆம்ப்ளிஃபையரே தேவைப்படவில்லை. ஒரு குழுவுக்கு இது கிடைத்தது. மற்ற குழுக்களுக்குக் கிடைத்தது சில சுற்றுப்பயணங்களும், ஊர் திரும்பியபோது பழைய கூட்டம் கலைந்துபோயிருந்ததும். கம்பெனிகளால் ஒலியை வாங்க முடிந்தது. அறையை வாங்கி எடுத்துப் போக முடியவில்லை.

இவற்றைவிட எனக்கு உறைக்கும் ஆட்சேபணை நிறம் பற்றியது. 2000-ஆம் ஆண்டில் டெட்ராய்ட் மக்களில் ஐந்தில் நான்கு பேர் கறுப்பினத்தவர். மேடையிலும் கீழேயும் நின்ற கராஜ் கூட்டத்தில் பெரும்பாலோர் வெள்ளையர். வாசித்ததோ கறுப்பினத்தவர் முப்பது, நாற்பது ஆண்டுக்கு முன் விட்டுச்சென்ற இசை. அப்படியென்றால் நான் சொல்லும் ‘ஊர்’ எது? கோரீஸின் மிக் காலின்ஸ் கறுப்பினத்தவர். பின்னாளில் அவர் தொடங்கிய டர்ட்பாம்ஸ் 2001-இல் ‘அல்ட்ராகிளைட் இன் பிளாக்’ ஆல்பத்தில் சோல் பாடல்களை ஃபஸ் கிட்டாரில் வாசித்துக் காட்டியது. அந்த இரண்டு இசைகளையும் ஒரே வீட்டுச் சொத்தாகப் பார்க்க அவரால் முடிந்தது. ஆனால் ஒருவரைக் காட்டி ஒரு கூட்டத்துக்கு நற்சான்று வாங்கிவிட முடியாது. உள்ளூர் என்பது எப்போதும் ஊரில் ஒரு பகுதிதான். இந்த ஆட்சேபணைக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை.

கடைசியாக விலை. சைமன் ரெய்னால்ட்ஸ் 2011-இல் எழுதிய ‘ரெட்ரோமேனியா’, பாப் இசை தன் பழம்பொருட்களிலேயே மூழ்கிவிட்டது என்று வாதிடும் புத்தகம். அதன் பயத்தில் பாதி எனக்கு ஏற்புடையது. அடகுக் கடையில் கேட்பாரற்றுக் கிடந்த ஏர்லைன் கிட்டாரை இன்று சேகரிப்பாளர்கள் போட்டிபோட்டு வாங்குகிறார்கள். நகலும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். காசைக் கொட்டி ஏழ்மையின் ஒலியை வாங்கும் குழுவுக்கு என் வாதம் அரண் ஆகாது. கைக்கு எட்டிய கருவிதான் முக்கியம் என்றால், இன்றைய கராஜ் ஒரு பழைய மடிக்கணினிக்குள் இருக்கலாம். இதை டெட்ராய்ட் முன்பே செய்துகாட்டிவிட்டது. ரோலண்ட் கம்பெனியின் டி.ஆர்-808 தாள இயந்திரம் நிஜ டிரம்ஸ் போல ஒலிக்காததால் பெரிதாக விலைபோகவில்லை; 1983-இல் உற்பத்தி நின்று, செகண்ட் ஹாண்டில் மலிவாகக் கிடைத்தது. அது போன்ற கருவிகளைக் கொண்டுதான் ஜுவான் அட்கின்ஸ் முதலான கறுப்பின இளைஞர்கள் டெக்னோ என்ற மின்னணு நடன இசையைக் கட்டினார்கள். மெத்தை தைப்பவர் ஏர்லைனை எடுத்த அதே காரணம், அதே ஊர். மிக் காலின்ஸுக்கு இது தெரிந்திருந்தது. டர்ட்பாம்ஸின் 2011 ஆல்பமான ‘பார்ட்டி ஸ்டோர்’ முழுக்க டெட்ராய்ட் டெக்னோ பாடல்கள். இயந்திரம் போட்ட தாளத்தை இரண்டு டிரம்மர்கள் கையால் அடிக்கிறார்கள். அதில் இருபது நிமிடத்தைத் தாண்டி ஓடும் ஒரு பாட்டில், மூலத்தை உருவாக்கிய கார்ல் கிரெய்க்கே வந்து சிந்தசைசர் வாசித்திருக்கிறார்.