கதையின் தீவும் நம் தீவும்

ஒரு மாத காலமாக நம் விடுதியில் அறைக்கு அறை கைமாறிக்கொண்டிருக்கிறது ஒரு நூல். கனடா நாட்டு எழுத்தாளர் மேகன் க்ரூ 2012-இல் வெளியிட்ட 'தி வே வீ ஃபால்' என்னும் ஆங்கில நாவல். தீவொன்றிலே பெயரறியாத கொள்ளைநோய் பரவுகிறது. அரசு தீவையே அடைத்துவிடுகிறது. பதினாறு வயதுப் பெண்ணொருத்தி, ஊரை விட்டுச் சென்ற தோழனுக்கு எழுதும் கடிதங்களாகவே கதை நடக்கிறது.

படித்தவர்களெல்லாம் கட்சி கட்டிக்கொண்டு வாதிடுகிறார்கள். "நாட்குறிப்பைப் படிப்பது போலிருக்கிறது, விறுவிறுப்பு எங்கே?" என்கிறார் இயற்பியல் நண்பர். "அடுத்த கடிதம் எழுத அவள் இருப்பாளா என்ற அச்சம் போதாதா?" என்கிறார் எதிரறைக்காரர். யான் எதிரறைக்காரர் பக்கம். ஆனால் மூன்றாமவர் ஒருவர் சொன்ன சொல்தான் என்னை எழுதத் தூண்டியது. "இதெல்லாம் கதைக்குச் சரி. தீவுக்குக் கடலே காவலல்லவா?"

காவல்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தக் காவலுக்கு ஒரு விலை உண்டு. தட்டம்மையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை வந்து பிழைத்தவருக்கு அது மீண்டும் வருவதில்லை. சிறு கூட்டத்திலே பற்றுவதற்குப் புது ஆள் கிடைக்காமல் நோய் தானே அவிந்துவிடும். பிறகு பிறப்பவர்கள் அதனை அறியாமலே வளர்வார்கள். வட அட்லாண்டிக்கின் ஃபாரோ தீவுகளில் 1781-க்குப் பின் 65 ஆண்டுகள் தட்டம்மை தலைகாட்டவில்லை. 1846-இல் கப்பலேறி வந்தது. ஏறத்தாழ 7,800 மக்களில் 6,000 பேர் படுத்தனர். பானும் என்ற இளம் மருத்துவர் ஆராய்ந்தபோது, 1781-இல் நோய் கண்டு பிழைத்த முதியவர்களை மட்டும் அது தீண்டவில்லை என்று கண்டார். நோயை வெளியே நிறுத்திய கடலே, உள்ளே உலர்ந்த விறகை அடுக்கிக்கொண்டிருந்தது!

நம் தீவுகளில் நடந்தது இதனினும் கொடிது. 1858-இல் போர்ட் பிளேரில் (இன்றைய ஸ்ரீ விஜயபுரம்) கைதிகளின் குடியிருப்பு தோன்றியபோது, கிரேட் அந்தமானியர் ஏறத்தாழ ஐயாயிரவர் என்பது ஒரு கணிப்பு. 1877-இல் தட்டம்மை வந்தது. அவர்களில் பாதிப்பேருக்குக் குறையாமல் மாண்டனர் என எழுதினார் ஆங்கில அதிகாரி போர்ட்மன். மேகப்புண்ணும் பிற நோய்களும் எஞ்சியவர்களைத் தின்றன. 1901 கணக்கெடுப்பில் 625 பேர். 1961-இல் 19 பேர். அதே போர்ட்மன் 1880-இல் வட சென்டினல் தீவிலிருந்து முதிய தம்பதியரையும் நான்கு குழந்தைகளையும் நகருக்குக் கொண்டுவந்தார். முதியவர் இருவரும் நோயுற்று இறந்தனர். குழந்தைகளைப் பரிசுகளோடு திருப்பி அனுப்பினார். பரிசுகளோடு வேறென்ன சென்றதோ!

நாவலில் நிலப்பரப்பு தீவைக் கண்டு அஞ்சுகிறது. இங்கே தீவன்றோ நிலப்பரப்பைக் கண்டு அஞ்சியிருக்க வேண்டும்! அந்த நூலில் எனக்குள்ள குறை இஃதொன்றே. எழுதியவர்மீது குற்றமில்லை, படிக்கிற நாம் இருக்கும் இடம் அப்படி. நாம் கேலினின் இடத்தில் நம்மை வைத்துக்கொண்டு நடுங்குகிறோம். கப்பலேறி வந்த தமிழர்களாகிய நமக்கு அந்தக் கதையில் உரிய இடம் வேறு.

1877 பழங்கதை என்பீரோ? 1999-இல் ஜாரவா மக்களிடையே தட்டம்மை பரவியது. மருத்துவம் கிடைத்ததால் தப்பினர். 2020-இல் கொரோனா, ஐம்பது பேரளவே எஞ்சியிருந்த கிரேட் அந்தமானியரிடமும் சென்றது. பத்துப் பேருக்குக் கண்டது, நல்லவேளை, குணமடைந்தனர். ஜாரவா காப்புக்காட்டை ஊடறுக்கும் அந்தமான் டிரங்க் ரோட்டின் பகுதிகளை மூடுமாறு உச்ச நீதிமன்றம் 2002-இல் பணித்தது. இன்னும் மூடவில்லை.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். சென்ற ஆண்டு வகுப்போடு பாராடங் சுண்ணாம்புக் குகைக்குச் சென்றபோது எனக்குக் காய்ச்சலும் இருமலும் இருந்தன. பணம் கட்டியாயிற்றே என்று இருமலை விழுங்கிக்கொண்டு ஜிர்காடாங்கில் கான்வாயில் ஏறினேன். வழியிலே இரண்டு ஜாரவாச் சிறுவர்கள் நின்றார்கள். வண்டியின் சன்னல் திறந்திருந்தது. தட்டம்மை, தடிப்பு தோன்றுவதற்கு நான்கு நாள் முன்பிருந்தே பிறரைப் பற்றும் என்பது எனக்குத் தேர்வுக்குப் படித்த பாடம்! எனக்கு வந்தது வெறும் சளிதான்; அன்று அதை யான் அறியேன்.

சங்கத்தின் அடுத்த சுற்றுலாவுக்குப் பெயர் கொடுக்கும் தாளிலே, காய்ச்சலோ இருமலோ உள்ளவர்கள் வரவேண்டா, கட்டிய பணம் திருப்பித் தரப்படும் என்று ஒரு வரி சேர்க்கும்படி செயலாளரைக் கேட்டிருக்கிறேன். பணத்தைப் பற்றிய பகுதிக்குத்தான் அவர் இன்னும் இசையவில்லை.