மணலில் கீறிய வட்டம்

மன்னார்த் தீவின் வீட்டுத் தோட்டங்களைப் பற்றிப் பேச்செடுத்தால் கற்றோர் சிலர் நகைக்கின்றனர். "மணலில் வட்டம் கீறுவது சிறுபிள்ளை விளையாட்டு, பொருளாதாரத்துக்கு அதனால் ஆவதென்ன?" என்பது அவர்தம் வினா. அத்தீவிற் பிறந்தவன் என்ற முறையில் இதற்கு விடையிறுப்பது என் கடன்.

வட்டப்பாத்தி யாது? எங்கள் வளவில் அன்னையார் அமைத்ததையே கூறுகின்றேன். நடுவில் 1 மீற்றர் அகலமான குழி. அதனைச் சுற்றி 1 மீற்றர் அகலப் பாத்தி. பனையோலை, ஆட்டெரு, சருகு, அடுக்களைக் கழிவு யாவும் குழிக்குள்ளே போகும். அரிசி கழுவிய நீரும் அங்கேயே ஊற்றப்படும். உக்கிய உரத்தினூடே கசியும் நீர் சுற்றிலும் நிற்கும் கத்தரி, மிளகாய், வெண்டி என்பவற்றின் வேரை அடைகின்றது. நீரைத் தாங்காமை மணலின் குறை. அக்குறையைக் குழி நிறைக்கின்றது.

வட்டம் அழகுக்காக வந்ததன்று. 3 மீற்றர் விட்டமுள்ள வட்டம் ஏறத்தாழ 7 சதுர மீற்றர் நிலத்தை ஒன்பதரை மீற்றர் வரம்பினால் அடைக்கின்றது. அதே நிலத்தை 1 மீற்றர் அகல நீள்பாத்தியாக்கினால் 16 மீற்றர் வரம்பு வேண்டும். வரம்பு நீளுமளவுக்குச் சோளகக் காற்று ஈரத்தை உறிஞ்சும். ஆபிரிக்காவின் லெசோத்தோ நாட்டிலும் வறிய குடும்பங்கள், நடுவில் எருக்கூடை வைத்த வட்டத் தோட்டங்களை அமைத்துக் கீரையும் காயும் பெற்றன.

வட்டப்பாத்தி நெல் தராது என்பதை நான் மறுக்கவில்லை. நெல்லுக்கு அருவியாற்று நீரைத் தேக்கும் கட்டுக்கரைக் குளமும் பெருநிலப்பரப்பின் வயல்களும் உள்ளன. ஆயின், கடலுக்குப் போக இயலாத நாள்களில் கறிக்குக் கடைக்காரனிடம் கடன் சொல்லாதிருத்தல் ஒரு குடும்பத்துக்குச் சிறிய விடுதலையா?

"இயற்கை உரத்தின் பெருமையை 2021இல் கண்டோமே!" என்று வேறு சிலர் ஏளனம் செய்வர். அவ்வாண்டு அரசு இரசாயன உர இறக்குமதியைத் திடீரெனத் தடைசெய்தது, விளைச்சல் வீழ்ந்தது, நவம்பரில் தடை தளர்ந்தது. அங்கே தோற்றது எருவா? அன்று. எருவைச் சேர்க்கக் காலமும் வழியும் தராது, வர்த்தமானி அறிவித்தலால் மண்ணை வளமாக்க எண்ணிய அதிகாரமே தோற்றது. வட்டப்பாத்தியின் உரம் கொழும்பிலிருந்து வருவதன்று, அவ்வீட்டிலேயே பிறப்பது.

இனி, உண்மையான எதிரியைக் காண்போம். இத்தோட்டங்களுக்கு உயிர் தருவது மணலுக்கடியில் தங்கும் மழைநீர். நன்னீர் உவர்நீரினும் இலேசானது. ஆகவே அதன்மேல் வில்லைபோல மிதக்கின்றது. கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் 1 அடி நின்றால் கீழே 40 அடி நிற்கும் என்பது நிலநீரியலார் கண்ட விதி. மேலே 1 அடி குறைந்தால் உவர்நீர் காலப்போக்கில் 40 அடி ஏறும் என்பதும் அவ்விதியின் மறுபக்கமே. அந்த மணலைத்தான் இல்மனைற்றுக்காகத் தோண்டக் கொம்பனிகள் கண்வைத்துள்ளன. 2025 ஆகஸ்டில் காற்றாலை விரிவாக்கத்தையும் கனிம மணல் அகழ்வையும் எதிர்த்து மன்னார் மக்கள் வீதியில் இறங்கியமை இதனாலன்றோ?

ஒருபுறம் "வீட்டுத்தோட்டம் செய்க" என விதைப் பொதிகளை வழங்குவர். மறுபுறம் அத்தோட்டத்தின் அடிமணலை அளந்து விலை பேசுவர். கிணறு உவர்த்தபின் எந்த விதை முளைக்கும்? தன்னிறைவு பற்றி மேடையில் முழங்கும் நாமும் இம்முரண்பாட்டைக் கண்டும் வாளாவிருக்கின்றோம்.

நாம் செய்யத்தக்கன இரண்டு. விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவர் தலைமன்னார் முதல் தாழ்வுபாடு வரை கிணறுகளின் நீர்மட்டத்தையும் உவர்ப்பையும் ஆண்டுதோறும் அளந்து பதிவோமாக. விஞ்ஞான பீட நண்பர்கள் முறையைக் கற்பிக்கட்டும். கலைப்பீடத்தார் நாம் வீடுவீடாக நடப்போம். அப்பதிவை முன்வைத்து, நிலநீருக்குத் தீங்கில்லை என மக்கள் முன் நிறுவப்படாதவரை ஒரு பிடி மணலையும் அகழ இடமளியோம் என உரத்துக் கூறுவோம்.

மணலில் வட்டம் கீறிய அன்னையர் தம் கடமையைச் செய்துவிட்டனர். அவ்வட்டத்தின் அடியிலுள்ள நீரைக் காப்பது கற்றவர் கடமை.