கீழாநெல்லி இருக்கட்டும்... மாத்திரையை நிறுத்தாதீங்க!

"மஞ்சக் காமாலையா? கீழாநெல்லியை அரைச்சு மோர்ல கலக்கிக் குடி, சரியாப் போயிடும்!" உளுந்தூர்பேட்டையில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். சித்த மருத்துவனான எனக்கும் கீழாநெல்லி மீது மதிப்பு உண்டு. ஆனால், ஹெச்.ஐ.வி. உள்ள ஒருவர், "ஈரல் கெட்டுப்போச்சுங்க ஐயா, இங்கிலீஷ் மாத்திரையை விட்டுட்டு உங்க மருந்தையே சாப்பிடறேன்" என்று வந்தால், அதற்குத் தலையாட்டுவது வைத்தியம் ஆகாது. இது என் திடமான கருத்து.

தண்ணீர் மூலம் வரும் காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் தானே தணிந்துவிடும். பெயர் கீழாநெல்லிக்குப் போய்ச் சேரும்! ஹெபடைடிஸ் பி அப்படியல்ல. ஹெச்.ஐ.வி. பரவும் அதே வழிகளில், அதாவது ரத்தம், உடலுறவு, தாயிடமிருந்து குழந்தைக்கு என்று பரவும். இரண்டும் சேர்ந்தால் ஈரல் சுருங்கி மகோதரம் வரை போகிற வேகம் கூடிவிடும்.

இப்போது அரசு ஏ.ஆர்.டி. மையங்களில் பெரும்பாலோருக்குத் தரப்படும் மாத்திரையில் டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் என்று மூன்று மருந்துகள். முதல் இரண்டும் ஹெச்.ஐ.வி.யோடு ஹெபடைடிஸ் பி-யையும் அடக்குபவை. ஈரலுக்குப் பகை என்று நினைத்து ஒதுக்குகிறாரே, அந்த மாத்திரைதான் ஈரலுக்குக் காவல்! திடீரென்று நிறுத்தினால் அடங்கிக் கிடந்த பி கிருமி சீறி எழும். சிலருக்கு ஈரல் செயலிழந்து உயிரே போகலாம்.

"கீழாநெல்லியை ஆராய்ச்சியே ஒப்புக்கொண்டதே?" என்பீர்கள். உண்மைதான். சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி.தியாகராஜன் குழுவினர், நோபல் பரிசு பெற்ற பிளம்பெர்க்கோடு சேர்ந்து 1988-ல் 'லான்செட்' இதழில் எழுதினார்கள். கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்குப் பி கிருமியின் அடையாளம் ரத்தத்தில் மறைந்தது. வெற்று மருந்து சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. நமக்கெல்லாம் பெருமை! ஆனால் பின்னால் பிற நாடுகளில் நடந்த சோதனைகளில் அதே பலன் கிடைக்கவில்லை. முன்பாதியை மட்டும் சொல்லி மருந்து விற்பது நியாயமா?

தாம்பரம் அரசு மருத்துவமனையில் ஹெச்.ஐ.வி. நோயாளிகளுக்கு ரசகந்தி மெழுகு, அமுக்கராச் சூரணம், நெல்லிக்காய் லேகியம் கொடுத்த காலம் உண்டு. அன்று கூட்டு மருந்து ஏழைக்கு எட்டாக்கனி. 2004 ஏப்ரல் முதல் அது இலவசம். காலம் மாறிவிட்டது, நாமும் மாற வேண்டாமா?

இன்னொரு ஆபத்து, மறைப்பது. எங்களிடம் ஹெச்.ஐ.வி.யைச் சொல்வதில்லை, அங்கே சித்த மருந்தைச் சொல்வதில்லை. அயச்செந்தூரத்தில் இரும்பு, சங்கு பற்பத்தில் சுண்ணாம்புச் சத்து. வெறும் வயிற்றில் இவற்றோடு டோலுடெக்ராவிரைச் சேர்த்து விழுங்கினால் அது உடம்பில் சரியாகச் சேராது. இவற்றுக்கு 2 மணி நேரம் முன்போ, 6 மணி நேரம் பின்போதான் மாத்திரை சாப்பிட வேண்டும். பாதரசம் சேர்ந்த மருந்துகளை ஈரல் பழுதானவர் தானாக வாங்கிச் சாப்பிடவே கூடாது.

குடியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. அது ஓரிரு நாளில் கொன்றது. கடை பாட்டிலோ ஈரலை மெல்லக் கொல்லும். கிருமியும் குடியும் கூட்டுச் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

ஹெச்.ஐ.வி. உள்ளவர்கள் ஹெபடைடிஸ் பி, சி பரிசோதனை இரண்டையும் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். சி இருந்தால் பெரும்பாலோருக்கு 12 வாரம் மாத்திரை சாப்பிட்டாலே குணமாகிவிடும். 2018-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் அதுவும் இலவசம். வீட்டில் உள்ளவர்களுக்கு பி தடுப்பூசி போடுங்கள். வெளியே தெரிந்துவிடுமோ என்ற பயம் வேண்டாம். உங்கள் ரகசியத்தைக் காக்க 2017-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது.

என் சக வைத்தியர்களுக்கும் ஒரு வார்த்தை. நாடி பார்க்கும் முன், "வேற என்ன மாத்திரை சாப்பிடறீங்க?" என்று தனியாக அழைத்துக் கேளுங்கள். நம் மருந்தின் பெயரைச் சீட்டில் எழுதி, ஏ.ஆர்.டி. மையத்து டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள். பசிக்கும் தெம்புக்கும் நாம் துணை நிற்கலாம். அந்த மாத்திரையை நிறுத்தச் சொல்ல மட்டும் நமக்கு உரிமை இல்லை.