ஒலிவாங்கிக்கு இப்பால்

2024 ஜூன் 29 அன்று, பார்படாஸ் தீவில் தென்னாப்பிரிக்காவை 7 ரன் வித்தியாசத்தில் வென்று இந்திய அணி இருபது ஓவர் உலகக் கோப்பையைக் கைப்பற்றிய சற்று நேரத்துக்கெல்லாம், தொடர் நாயகன் பும்ரா தம்மைப் பேட்டி கண்ட பெண்மணியை, பேட்டி முடிந்த மாத்திரத்தில் அணைத்துக்கொண்டு நடந்து போன காட்சியை லட்சோப லட்சம் பேர் கண்டு மகிழ்ந்தார்கள். அந்தப் பெண்மணி அவருடைய மனைவி சஞ்சனா கணேசன். மகிழ்ந்ததில் குற்றமில்லை, நானும் மகிழ்ந்தவன்தான். ஆயினும் அந்த அணைப்புக்கு முன்னால் அவர் என்ன கேட்டார் என்று பின்னொரு நாள் யோசித்தபோது ஒன்றும் ஞாபகத்துக்கு வரவில்லை. நண்பர்களை விசாரித்தேன், அவர்களுக்கும் வரவில்லை.

கணேசன் என்ற பெயரைக் கேட்டதும் நம்மவர் காது நிமிர்வது சகஜம். ஆனால் அவர் பிறந்தது புனேயில். அங்கேயே எஞ்சினீரிங் படித்து, சில காலம் கம்ப்யூட்டர் உத்தியோகமும் பார்த்து, பிறகு அழகிப் போட்டி, எம்டிவி என்று சுற்றி, ஸ்டார் ஸ்போர்ட்ஸ் தொலைக்காட்சிக்கு வந்து, 2019 உலகக் கோப்பைச் சமயத்திலேயே ரசிகர்களுக்குப் பரிச்சயமாகிவிட்டவர். கோவாவில் அவர்கள் விவாகம் நடந்தது 2021 மார்ச்சில். ஆகவே ஒலிவாங்கியைக் கையில் எடுத்தபோது அவர் யாருக்கும் மனைவியல்லர் என்ற எளிய உண்மையைப் பத்திரிகைகளின் தலைப்புகள் சௌகரியமாக மறந்துவிடுகின்றன.

வானொலியில் மராத்தி மொழிக்கு கிரிக்கெட் வர்ணனையைப் பழக்கிய பால் ஜ. பண்டித்தும் இதே புனேக்காரர்தான். நமக்கு அப்துல் ஜப்பாரும் ராமமூர்த்தியும் எப்படியோ, அப்படி அவர்களுக்கு அவர். குரல் ஒன்றையே மூலதனமாகக் கொண்டிருந்த அவர்கள் என்ன சட்டை அணிந்திருந்தார்கள் என்று எந்த ரசிகரும் கவலைப்பட்டதில்லை. தொலைக்காட்சி வந்து முகத்தைக் காட்டிற்று. 2003 உலகக் கோப்பையின்போது மந்திரா பேடி தொகுப்பாளராக அமர்ந்த நாளிலிருந்து, பெண் பேசுவதைக் கேட்பதற்கு முன் அவள் உடையை விமர்சிப்பது ஒரு தேசிய வழக்கமாகவே ஆகிவிட்டது.

இந்த உத்தியோகத்தின் சூட்சுமத்தைச் சற்று அருகில் சென்று பார்க்கவேண்டும். காதிலே செருகிய சிறு கருவியில், விளம்பரத்துக்கு இன்னும் பத்து விநாடி, ஒன்பது, எட்டு என்று புரொடியூசர் எண்ணிக்கொண்டே போக, எதிரில் பழைய வீரர் ஒருவர் தம் காலத்துச் சதத்தைப் பற்றிய கதையை அப்போதுதான் சாவதானமாக ஆரம்பிக்க, இரண்டு குரலையும் ஒருங்கே கேட்டு, முகத்தில் புன்னகை மாறாமல், அவர் மனம் கோணாதபடி வாக்கியத்தின் நடுவே புகுந்து, கணக்காக முடித்துக் கொடுக்கும் சாமர்த்தியம் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. மழை பிடித்துக்கொண்டால் இன்னும் கஷ்டம். ஆட்டமே இல்லாத மைதானத்தை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேசியாகவேண்டும். ஆட்டம் எதிர்பாராமல் திசை திரும்பினாலும் கஷ்டம்தான். 1996 பிப்ரவரி 29 அன்று, இதே புனேயின் நேரு ஸ்டேடியத்தில், 166 ரன்னே எடுத்திருந்த கென்யா மேற்கிந்தியத் தீவுகளை 93 ரன்னுக்குள் சுருட்டியதே, அம்மாதிரி ஒரு தினத்தில் முன்கூட்டி எழுதிவைத்த குறிப்புகளால் பிரயோஜனம் ஏது? இத்தனையும் செய்து முடித்தபின், கதை சொன்ன வீரரை நாம் சிலாகிக்கிறோம். அந்தக் கதையை அவர் வாயிலிருந்து வரவழைத்தவளைக் கேட்பாரில்லை.

தொகுப்பாளர்களை விமர்சிக்கக் கூடாது என்பதல்ல என் கட்சி. சப்பையான கேள்வியைச் சப்பை என்றே சொல்லலாம். மூன்று வாக்கியத்தில் கேள்வி கேட்டு அதற்குள்ளேயே பதிலையும் வைத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள், எனக்கும் பொறுக்கவில்லை. ஆனால் அந்த விமர்சனம் தொழிலைப் பற்றியதாக இருக்கட்டும். 2025 ஏப்ரலில், மைதானத்துக்குத் தாம் அழைத்து வந்திருந்த கைக்குழந்தையின் முகபாவத்தைக்கூட சமூக வலைத்தளங்களில் பரிகசித்தவர்களுக்குச் சஞ்சனா பகிரங்கமாகப் பதில் எழுத நேர்ந்தது. அதற்கும் கிரிக்கெட்டுக்கும் என்ன சம்பந்தம்?

பார்படாஸ் காட்சியைவிட எனக்குப் பிடித்தது அதற்கு இருபது நாள் முந்தியது. ஜூன் 9, நியூயார்க். 119 ரன்னே எடுத்த இந்தியா பாகிஸ்தானை 6 ரன்னில் வென்றிருந்தது. 14 ரன் கொடுத்து 3 விக்கெட் வீழ்த்திய பும்ரா ஆட்ட நாயகன். பேட்டி காண வந்தவர் மனைவி என்பதற்கான சாடையே இல்லாமல் கேள்விகள் வந்தன, பதில்களும் அப்படியே. எல்லாம் முடிந்தபின், அரை மணியில் மறுபடி சந்திப்போம் என்று பும்ரா சிரிக்க, ராத்திரிச் சாப்பாட்டுக்கு என்ன என்று சஞ்சனா கேட்டார்.