2048 யார் வீட்டுச் சொத்து?

எங்கள் வகுப்பில் 2048 விளையாடாதவர்களை எண்ணினால் ஒரு கை விரலுக்குள் அடங்கி விடுவார்கள். காஸ்ட் அக்கவுண்டிங் நேரத்தில் கடைசி பெஞ்ச் முழுக்கத் தலை குனிந்திருந்தால் குறிப்பு எடுக்கிறார்கள் என்று நினைத்து விடாதீர்கள் :)

தெரியாதவர்களுக்காக... நாலுக்கு நாலு, மொத்தம் 16 கட்டம். மேலே, கீழே, இடம், வலம் என்று தள்ளலாம். 2-ம் 2-ம் முட்டினால் 4, 4-ம் 4-ம் சேர்ந்தால் 8. இப்படியே ஏறி 2048 வர வேண்டும். ஒவ்வொரு முறை தள்ளும்போதும் காலிக் கட்டத்தில் புதிதாக ஒரு எண் முளைக்கும். பத்தில் ஒன்பது தடவை 2, ஒரு தடவை 4. அதாவது சராசரி 2.2. எண்கள் ஒன்று சேர்வதால் கூட்டுத்தொகை மாறாது, முளைக்கிற எண்ணால் மட்டும்தான் அது கூடும். ஆகவே 2048 வர வேண்டுமானால் 2048-ஐ 2.2-ஆல் வகுத்துக் கொள்ளுங்கள், ஏறக்குறைய 930 தடவை தள்ளியாக வேண்டும். காமர்ஸ் படித்ததற்கு இதற்காவது பிரயோஜனம் வேண்டாமா?

சரி, விஷயத்துக்கு வருவோம். இந்த விளையாட்டைக் கண்டுபிடித்தது யார்?

கூகுளில் தேடினால் கப்ரியேலே சிருல்லி என்று வரும். இத்தாலிக்காரர். 2014 மார்ச்சில் இதை எழுதியபோது வயது 19. ஒரு விளையாட்டை முழுசாக எழுத முடிகிறதா என்று பார்க்க ஒரு வார இறுதியில் எழுதினார். ஒரு வாரத்துக்குள் 40 லட்சம் பேர் வந்து விளையாடினார்கள். நம்ம வயசுப் பையன், ரெண்டே நாள் வேலை, உலகப் புகழ். கேட்கவே ஜோராக இருக்கிறது.

ஆனால் கதை அதற்கு முன்பே தொடங்கி விட்டது. 2014 பிப்ரவரி 6-ஆம் தேதி ஐபோனில் 'த்ரீஸ்' என்று ஒரு விளையாட்டு வந்தது. ஆஷர் வோல்மர், கிரெக் வோல்வெண்ட் இருவரும் ஜிம்மி ஹின்சனின் இசையோடு செய்தது. அதிலும் நாலுக்கு நாலு கட்டம்தான், தள்ளுவதுதான், சேர்ப்பதுதான். 1-ம் 2-ம் சேர்ந்தால் 3. அதற்குப் பிறகு 3-ம் 3-ம் 6, பிறகு 12, 24 என்று போகும். வந்தபோது விலை சுமார் 2 டாலர். இந்தச் சின்னக் கட்டத்துக்கு அவர்கள் எடுத்துக் கொண்ட காலம் 14 மாதம்! எண்ணுக்குப் பதிலாகப் படங்களைப் போட்டுப் பார்த்து, பிடிக்காமல் தூக்கிப் போட்டு, திரும்பத் திரும்ப எளிமையாக்கி இந்த வடிவத்துக்கு வந்திருக்கிறார்கள்.

த்ரீஸ் வந்த சில வாரத்திலேயே '1024' என்று இலவசமாக ஒன்று வந்தது. அதைப் பார்த்து 2048. அதைப் பார்த்து இன்னும் நூறு. மார்ச் கடைசியில் த்ரீஸ்காரர்கள் தங்களுக்குள் எழுதிக்கொண்ட 570-க்கும் மேற்பட்ட மின்னஞ்சல்களை அப்படியே வெளியிட்டார்கள். எங்கள் உழைப்பு இதுதான், பாருங்கள் என்று. அதைவிட எனக்கு உறைத்தது வேறொன்று. தங்கள் விளையாட்டையே 2048-ன் காப்பி என்று ஜனங்கள் சொல்கிறார்களே என்று நொந்து போயிருந்தார்கள். பெற்ற பிள்ளையைப் பார்த்து யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்ட மாதிரி.

இதை வகுப்பில் சொன்னபோது ஒரு நண்பன் கேட்டான், "அப்ப கேஸ் போட வேண்டியதுதானே?"

போட முடியாது என்பதுதான் சுவாரஸ்யம். நம் நாட்டுக் காப்புரிமைச் சட்டம், 1970, பிரிவு 3(எம்)-ஐ எடுத்துப் பாருங்கள். ஒரு விளையாட்டை ஆடும் முறை என்பது கண்டுபிடிப்பே ஆகாது என்கிறது. பதிப்புரிமையும் யோசனைக்குக் கிடையாது, அது வெளிப்பட்ட வடிவத்துக்குத்தான். 1978-ல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது அதைத்தான். அமெரிக்காவிலும் நிலைமை ஏறக்குறைய இதே. 2012-ல் டெட்ரிஸ் நிறுவனம் ஒரு நகல்காரரை ஜெயித்தது உண்மை. ஆனால் ஜெயித்தது விதிகளுக்காக அல்ல, கட்டையின் தோற்றம் வரைக்கும் அப்படியே எடுத்ததற்காக.

இந்தச் சட்டம் சரி என்றுதான் எனக்குப் படுகிறது. பல்லாங்குழியை யோசித்துப் பாருங்கள். பதினாலு குழி, கொஞ்சம் புளியங்கொட்டை அல்லது சோழி. காலியான குழியில் நாலு சேர்ந்தால் பசு. (இதுவும் எண்களைச் சேர்க்கிற விளையாட்டுத்தான்!) எங்கள் அத்தை ஆடுகிற கணக்கு வேறு, அம்மாச்சி ஆடுகிற கணக்கு வேறு, இருவருக்கும் அதில் சண்டையே வரும். யாரோ ஒருவர் விதிகளுக்குப் பட்டா வாங்கி வைத்திருந்தால் இத்தனை வகை வந்திருக்குமா?

ஆனால் சட்டப்படி தப்பில்லை என்பதும், தப்பே இல்லை என்பதும் ஒன்றா? திண்டுக்கல்காரர்களுக்கு இதைச் சொல்லிப் புரிய வைக்க வேண்டியதில்லை. 1957-ல் நாகசாமி நாயுடு ஆனந்த விலாஸ் பிரியாணி ஹோட்டல் தொடங்கினார். அவர் கட்டியிருந்த தலைப்பாகையே கடைக்குப் பெயராகிப் போனது. இன்று எந்த ஊர் பஸ் ஸ்டாண்டில் இறங்கினாலும் ஏதோ ஒரு திண்டுக்கல் பிரியாணி போர்டு தென்படும். பெயருக்காக ஐகோர்ட் வரை போனார்கள். சீரக சம்பாவில் பிரியாணி போட யாருக்கும் தடையில்லை, தலைப்பாக்கட்டி என்று எழுதும்போதுதான் வழக்கு.

பூட்டும் அப்படித்தான். கையால் ராவிச் செய்கிற நம்ம ஊர்ப் பூட்டு, மிஷினில் செய்து குறைந்த விலைக்கு வரும் அலிகார் பூட்டோடு போட்டி போட்டு மூச்சு வாங்குகிறது. 2019-ல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தக் குறியீடு பூட்டு செய்வதை யாருக்கும் தடுக்காது. இது எங்கிருந்து வந்தது என்பதை மட்டும் காப்பாற்றும். எனக்கு வேண்டியதும் அவ்வளவுதான்.

இந்தக் கணக்கில் பார்த்தால் சிருல்லி மேல் எனக்குக் கோபம் வரவில்லை. தன் பக்கத்திலேயே 1024-ஐ வைத்துச் செய்தது, த்ரீஸ் போன்றது என்று எழுதி வைத்தார். நிரல் முழுவதையும் எம்.ஐ.டி. உரிமத்தில் இலவசமாகப் போட்டார். தான் கண்டுபிடிக்காத ஒன்றில் காசு பார்க்க மனம் வரவில்லை என்றும் சொன்னார். (பிறகு அவரும் ஆப் விட்டார், அது தனிக்கதை.) அதற்குள் வேறு ஆட்கள் அதே பெயரில் விளம்பரத்தோடு ஆப் போட்டுப் பட்டியலில் மேலே ஏறி விட்டார்கள்.

கோபம் வருவது எங்கே என்றால்... எனக்குத் தெரிந்த ஒரு பி.சி.ஏ. மாணவன் இந்த நிரலை இறக்கி, எண்கள் இருந்த இடத்தில் சினிமா நடிகர் படங்களை ஒட்டி, கடைசி வருட புராஜெக்ட் என்று கொடுத்தான். நல்ல மதிப்பெண்ணும் வாங்கினான். படம் ஒட்டியதில் எனக்கு ஆட்சேபணை இல்லை, உண்மையில் நன்றாகவே இருந்தது. ஆனால் அந்த உரிமத்தில் இருப்பது ஒரே முக்கியமான நிபந்தனை: எழுதியவர் பெயர் வரும் குறிப்பை எடுக்காதே. முதலில் அவன் அழித்தது அந்த வரியைத்தான். ஏண்டா என்று கேட்டால், "யாருக்குத் தெரியப் போகுது?" என்கிறான். நாளைக்கு இவன் ராத்திரி பகலாகக் கண் முழித்து ஒன்று செய்து, அதை எவனாவது பெயர் அழித்து விற்றால் இதையே சொல்வானா?

புராஜெக்ட் வாங்குகிற ஆசிரியர்களுக்கும் ஒரு விண்ணப்பம். எங்கிருந்து எடுத்தாய், அதில் நீ என்ன சேர்த்தாய் என்று ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லுங்கள். எடுத்ததைச் சொன்னால் மதிப்பெண் குறையும் என்கிற பயம் இருக்கும் வரை பையன்கள் அழித்துக் கொண்டுதான் இருப்பார்கள்.

இன்னொன்று. 2048 உண்மையில் சுலபம். பெரிய எண்ணை ஒரு மூலையில் உட்கார வைத்து, அதை அசைக்காமல் இரண்டு மூன்று பக்கம் மட்டும் தள்ளிக் கொண்டிருந்தால் போதும், பாதி வேலை முடிந்தது. த்ரீஸில் அந்தப் பாச்சா பலிக்காது. ஒவ்வொரு தள்ளுக்கும் எண்கள் ஒரே ஒரு கட்டம்தான் நகரும், அடுத்து வருவது என்ன என்று முன்னாலேயே காட்டும், யோசித்தே தீர வேண்டும். அந்த 14 மாதம் எங்கே போனது என்று ஆடிப் பார்த்தால் தெரிகிறது. இரண்டு வாரமாக முட்டி மோதுகிறேன், இன்னும் 768-ஐத் தாண்டவில்லை.