கருணாபுரமும் கேட்கப்படாத கேள்வியும்

பட்டியல் சாதி மக்கள் பெரும்பான்மையாக வாழும் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் சுற்றுப்புறங்களிலும் 2024 ஜூன் மாதம் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 65 பேருக்கு மேல் மாண்டனர். அவர்களுள் பெண்களும் உண்டு. சிதைகள் ஆறும் முன்பே, குடித்துச் செத்தவர்களுக்கு எதற்குப் பத்து லட்சம் என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள். நிவாரணத்தை எதிர்த்துப் பொதுநல வழக்கும் தொடரப்பட்டது. அம்மக்கள் ஏன் குடித்தனர் என்று கேட்டோர் மிகச் சிலரே.

துப்புரவுத் தொழிலாளர் வழக்குகளுக்காக வாக்குமூலம் எழுதுகையில் நாம் இவ்வினாவைப் பலமுறை எழுப்பியிருக்கிறோம். இன்பத்துக்காகக் குடிப்பதாக எவரும் சொன்னதில்லை. குடிக்காமல் மலக்குழிக்குள் இறங்க முடியாது, குளித்த பிறகும் நாற்றம் போவதில்லை, சோறு இறங்குவதில்லை என்பதே விடை. மனிதரைக் குழிக்குள் இறக்குவதைத் தடுக்கும் சட்டம் 2013இலேயே வந்துவிட்டது. ஆயினும் இறக்குபவரே குடிக்கவும் காசு கொடுக்கிறார். தாங்கவொண்ணா மனவலிக்கு மனிதர் தமக்குத் தாமே இட்டுக்கொள்ளும் மருந்தே போதை என்று அமெரிக்க மனநல மருத்துவர் எட்வர்ட் கான்ட்சியன் 1985இல் எழுதினார். அக்கருத்து எல்லாக் குடிக்கும் பொருந்தாது. நம் தொழிலாளரின் குடிக்கு அது பொருந்துகிறது.

மருந்தாகத் தொடங்கியது நோயாகிறது. நேற்றைய அளவு இன்று போதுவதில்லை. நிறுத்தினால் கை நடுங்குகிறது, உறக்கம் அகல்கிறது; முற்றியோருக்கு வலிப்பும் மனக்குழப்பமும் வருகின்றன; உயிரே போவதும் உண்டு. கைதான இரண்டாம் நாள் ஒருவர் நடுங்கினால் காவலர் அதை நடிப்பு என்கிறார், வீட்டார் பேய் என்கின்றனர். அவரை உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும் என்பது பல வழக்கறிஞருக்கே தெரியாது.

வியட்நாமில் ஹெராயினுக்கு அடிமையாகி 1971இல் நாடு திரும்பிய அமெரிக்கப் படைவீரரை லீ ராபின்ஸ் ஆராய்ந்தார். ஓராண்டுக்குள் மீண்டும் அடிமையானோர் ஏறத்தாழ 5 விழுக்காட்டினரே. போர்க்களத்தை விட்டு வந்ததும் பெரும்பாலோர் மீண்டனர். நம்மவரோ மறுவாழ்வு மையத்திலிருந்து அதே தெருவுக்கும் அதே குழிக்கும் அதே இழிசொல்லுக்கும் திரும்புகின்றனர். திரும்பும் வழியிலேயே, 2003 முதல் அரசே நடத்தும் சில்லறை மதுக்கடையும் இருக்கிறது.

இதனால் குடிநோயாளரின் மனைவி வாங்கும் அடிக்கு நாம் விலக்குக் கோரவில்லை; அவ்வழக்குகளையும் நாமே நடத்துகிறோம். தலித்துகள்தாம் குடிக்கிறார்கள் என்ற அவதூறையும் ஏற்கவில்லை. குடி எல்லாச் சாதியிலும் உண்டு. ஆனால் வசதி படைத்தவர் தனியார் மருத்துவமனைக்குப் போகிறார், சேரிக்காரர் காவல் நிலையத்துக்குப் போகிறார்.

சட்டம் இவ்வாறு வேறுபடுத்தவில்லை. மது, போதைப்பொருள் பழக்கத்தோடு தொடர்புடைய மனநிலைகளையும் 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் மனநோய் என்றே வரையறுக்கிறது. வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ளோர் அட்டை இல்லாவிடினும் கட்டணமின்றிச் சிகிச்சை பெறலாம் என்கிறது அதன் 18ஆம் பிரிவு. போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவோ, சிறு அளவுக் குற்றத்துக்கு உள்ளான போதை அடிமை தாமே சிகிச்சைக்கு முன்வந்தால் வழக்கிலிருந்து பாதுகாப்பளிக்கிறது; சிகிச்சையை முடிக்காவிடில் அப்பாதுகாப்பு போய்விடக்கூடும்.

கருணாபுரத்துக்குப் பின் மதுவிலக்குச் சட்டம் திருத்தப்பட்டு, உயிரிழப்பை விளைவிக்கும் சாராய வணிகத்துக்கு ஆயுள் தண்டனை வரை வந்தது. வேண்டியதுதான். ஆனால் 18ஆம் பிரிவை நினைவூட்டும் மனுக்கள் அரிதாகவே எழுதப்படுகின்றன. இதில் நம் பங்குத் தவறும் உண்டு. நீதிபதி குடிகாரர் என்று எண்ணிவிடுவாரோ என அஞ்சி, பிணை மனுவில் கட்சிக்காரரின் நோயை நாமே மறைக்கிறோம். அதை மறைக்காமல் எழுதி, அரசு மருத்துவமனையில் இலவசச் சிகிச்சைக்கு ஆணையிடுமாறு அதே மனுவில் கோரலாம். மாவட்ட மருத்துவமனையில் குடிநோய்க்கு எத்தனை படுக்கைகள், மனநல மருத்துவர் பணியிடம் நிரம்பியுள்ளதா என்பவற்றைத் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் பத்து ரூபாய்க் கட்டணத்தில் கேட்டு, அவ்விடையை மனுவோடு இணைக்கலாம்.